கூடிய நான்கு அங்குலம்

போன மாதம் உங்களில் ஒருவர் போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே டிப்போவில் எல்லோரும் சேர்ந்து அவரை ஓட்டித் தள்ளிவிடுவீர்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு தீருவதற்குள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். தொட்டி இருப்பில் திடீர் மாற்றம், காரணம் எழுதுக. டீசல் குறைந்திருக்கிறது, மெயின்லேண்டிலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

"சார், நீங்க இதுல பெரிய எக்ஸ்பர்ட்டுன்னு சொன்னாங்க. என்ன எழுதுனா மறுபடி கேள்வி வராது?" என்றார்.

"போன மாசம் இருப்பு எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கூடியிருந்தது சார்."

"அதுக்கு என்ன காரணம் எழுதினீங்க?"

"அதுக்கு யாரும் கேக்கலையே சார்."

காபி போட எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ன கத்தினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. பாவம், அவர் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வருத்தமாக இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்ன அதே பதிலை ஒரு காலத்தில் நானும் சொன்னேன். அதற்கான விலையை வேறு ஒருவர் கொடுத்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டபோது நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு மாலை வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் இருந்தேன். இப்போது அது முடியாது. இதைக் கேளுங்கள்.

நான் இந்தத் தீவுக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில். மதுரைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, கப்பலில் நாலு நாளும் வாந்தி எடுத்து, இனி கடலைப் பார்ப்பதில்லை என்ற முடிவோடு இறங்கினேன். எனக்குக் கிடைத்த மேசையோ கடலைப் பார்த்த ஜன்னலோரம். மலைச்சரிவில் இரண்டு தொட்டிகள். பெரியது மின்நிலையத்துக்கு, சின்னது தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளுக்கு. கீழே துறையில் கப்பல் கட்டி நின்றால் அங்கிருந்து குழாய் வழியாக டீசல் மேலே ஏறும். எண்ணெயைத் தொடாமல் எண்ணெயைப் பற்றி எழுதுவதுதான் என் வேலை.

கச்சா எண்ணெயை நம் தீவு கண்ணால் கண்டதில்லை. அது வளைகுடாவிலிருந்து மெயின்லேண்டுக்கு வந்து, அங்கே காய்ச்சி டீசலாக்கி, மிச்சம் மீதி பார்த்து நமக்கு அனுப்பப்படும். அங்கே ஒரு கப்பல் தவறினால் மூன்று வாரம் கழித்து இங்கே வயிறு காயும். இந்தச் சின்ன உண்மை மெயின்லேண்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கடைசிவரை புரியவே இல்லை.

நான் சேர்ந்த இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ ஒரு புயல். மாதக் கடைசியில் வரவேண்டிய கப்பல் ஆறு நாள் தாமதித்து அடுத்த மாதத்தில் கயிறு போட்டது. அந்த மாதத்துக்குரிய கப்பலும் ஒழுங்காக வந்துவிட்டது. ஆக, தாளில் ஒரு மாதம் வரவு சைபர், அடுத்த மாதம் இரட்டிப்பு. உடனே தந்தி. திடீர் மாற்றத்துக்குக் காரணம் கூறவும், பதுக்கல் உண்டா எனத் தெரிவிக்கவும். பதுக்கலாம்! இரண்டு தொட்டியும் ஊரே பார்க்க மலைமேல் நிற்கிறது, எதில் பதுக்குவது? நான் இளரத்தத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இது எண்ணெயின் மாற்றமே அல்ல, கப்பல் வந்த தேதியின் மாற்றம், இரண்டு மாதத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், எல்லாம் சரியாக வரும் என்று விளக்கினேன். திரும்பி வந்தது. காரணம் தெளிவாக இல்லையாம். அப்புறம் வெறுப்பில் 'பருவநிலை' என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அன்றைக்கு நான் தப்பான பாடத்தைப் படித்தேன். நடந்ததைச் சொன்னால் கேள்வி வரும், கேட்பவனுக்குப் பழகிய வார்த்தையைச் சொன்னால் வராது. அதன்பிறகு என் மேசையில் நாலு காரணங்கள் எப்போதும் தயாராக இருந்தன: வெயிலில் ஆவியானது, குழாயில் தங்கியது, பருவநிலை, அளவெடுப்பில் சிறு வேறுபாடு. எந்தக் குறைக்கும் இந்த நாலில் ஒன்று பொருந்தும். சுற்றியிருந்த மற்ற ஆபீஸ்காரர்கள்கூட என்னிடம் வந்து எழுதிவாங்கிப் போனார்கள். ஃபீனிக்ஸ் பே துறை முழுக்க எனக்கு 'காரண் பாபு' என்று பெயர். காரணம் சொல்லும் குமாஸ்தா. நான் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன், வெட்கம்கெட்டவன்.

தொட்டியை அளப்பவர் பெருமாள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரு நாட்டு ஒப்பந்தப்படி இங்கே அனுப்பப்பட்டு, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் கொஞ்ச காலம் இருந்து, அங்கே ஒத்துக்கொள்ளாமல் போர்ட் பிளேர் வந்து எங்களிடம் தினக்கூலியாகச் சேர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். தோட்டத்து வழக்கப்படி என்னைக் 'கணக்கப்புள்ள' என்பார். டிப்போ அதிகாரியை நாங்கள் எல்லோரும் 'சாப்' என்று கூப்பிட்டால் அவர் மட்டும் 'தொரை' என்பார். தினமும் காலையில் தொட்டியின் உச்சியில் ஏறி, நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் இரும்பு நாடாவை அடிவரை இறக்கி, எத்தனை அங்குலம் நனைந்திருக்கிறது என்று பார்த்து வந்து சொல்வார். நான் பென்சிலில் குறித்து, பிறகு பேனாவில் பதிவேட்டில் ஏற்றுவேன்.

எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க ஒரு பசை உண்டு, உங்களுக்குத் தெரியும். குண்டின் மேல் தடவி இறக்கினால் தண்ணீர் பட்ட இடம் மட்டும் நிறம் மாறும். எழுபதுகளில் எண்ணெய் விலை உலகமெங்கும் ஏறிய அந்தக் காலத்தில் எங்களுக்கு அந்தப் பசைகூட வரவில்லை. மூன்று தரம் கேட்டு எழுதினேன், பதிலே கிடையாது. பெருமாள் பசைக்காகக் காத்திருக்கவில்லை. நாடாவை மேலே இழுத்ததும் குண்டின் அடியில் தொங்கும் துளியை உள்ளங்கையில் விழவைத்து, முகர்ந்து, நாக்கின் நுனியில் வைத்துப் பார்ப்பார். டீசல் என்றால் முகம் சுளித்துத் துப்பிவிடுவார். கடல்நீர் என்றால் ஒரு கணம் நின்றுவிட்டுத் துப்புவார். தினமும் ஒரு மனிதர் டீசலை நக்கிப் பார்த்துத்தான் இந்தத் தீவின் படகுகள் ஓடின. ஒரு டப்பா பசை அனுப்ப முடியாதவர்கள்தான் எங்களிடம் வாராவாரம் விளக்கம் கேட்டார்கள்.

பற்றாக்குறை முற்றியது. கப்பல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. வடக்கே இருக்கும் மாயாபந்தருக்குப் போகும் படகு வாரம் மூன்று நடை என்பது ஒன்றாகச் சுருங்கியது. அங்கே குடியேறியவர்களுக்கு அரிசியும் மருந்தும் தபாலும் அந்த ஒரு படகில்தான் போகவேண்டும். தொட்டியில் அரை அங்குலம் குறைந்தாலும் தந்தி, கால் அங்குலம் குறைந்தாலும் தந்தி. சாப் மெட்ராஸ்காரர், உத்தியோகத்துக்காக ஊரைவிட்டு வந்தவர். மாற்றலாகிப் போவது ஒன்றே அவர் குறி. ஒவ்வொரு தந்திக்கும் அவருக்கு முடி நரைத்தது, எனக்கு விரல் தேய்ந்தது.

அப்போது இன்னொரு உத்தரவு. கப்பல் இறக்கி முடித்ததும் துறைக் குழாயில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் தொட்டிக்குள் தள்ளு என்றார்கள். எதால் தள்ளுவது? கடல்நீரால்தான். பின்னால் கடல்நீரை விட்டு அழுத்தினால் முன்னால் டீசல் போகும். வழக்கமாகக் கொஞ்சம் டீசல் குழாயிலேயே நிற்கும்போதே நிறுத்திவிடுவோம். இந்தத் தடவை உத்தரவுப்படி கடைசிச் சொட்டுவரை தள்ளினார்கள். கடைசியாக வால்வு திறந்திருந்தது சின்னத் தொட்டிக்கு, அதாவது படகுத் தொட்டிக்கு.

மறுநாள் காலை பெருமாள் இறங்கி வந்தார். சின்னத் தொட்டியில் எதிர்பார்த்ததைவிட நான்கு அங்குலம் கூடியிருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனை மாதமாகக் குறை, குறை, குறை! பென்சிலை எடுத்தேன். பெருமாள் மேசையை விட்டு நகரவில்லை.

"உப்புக் கரிக்குதுங்க கணக்கப்புள்ள. கடல் தண்ணி. ரெண்டு தரம் நாடா உட்டுப் பாத்தேன். அடி வால்வ தொறந்து வடிச்சுப்புடணும்."

பென்சிலில் நான்கு அங்குலத்துக்குப் பக்கத்தில் 'உப்பு' என்று எழுதினேன். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. பெருமாள் சொன்னதை அப்படியே எழுதியது அந்த ஒரு தரம்தான். தாளை எடுத்துக்கொண்டு சாப் அறைக்குப் போனேன். அவர் எண்ணைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார்.

"இது என்ன?"

"பெருமாள் ருசி பார்த்துச் சொன்னார் சாப். தண்ணீர் புகுந்திருக்கும் போல."

"நாக்கு ரிப்போர்ட்டை மெயின்லேண்டுக்கு அனுப்பப் போறீங்களா? சிரிப்பாங்கய்யா. பசை வரட்டும், பார்த்துக்கலாம்."

அவர் அத்தோடு நிறுத்திவிட்டார். அதற்கு மேல் சொன்னது நான். யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்: "வடிக்கிறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு சாப். இன்னைக்குக் கணக்குல ஏத்திட்டு அப்புறம் வடிச்சா நாலு அங்குலம் குறையும். குறைஞ்சா விளக்கம் கேப்பாங்க."

கவனித்தீர்களா? தொட்டியில் தண்ணீர் நிற்கிறது. அதை வெளியே விட்டால் தாளில் குறை தெரியும். தாளில் குறை தெரியக் கூடாது என்பதற்காகத் தண்ணீரை உள்ளேயே வைத்துக்கொள்வோம் என்று ஒரு படித்த முட்டாள் சொல்கிறான், இன்னொரு படித்த முட்டாள் தலையை ஆட்டுகிறான். வேறு எந்தத் தொழிலிலாவது இப்படி ஒரு புத்திசாலித்தனத்தைப் பார்க்க முடியுமா? நான் வெளியே வந்து ரப்பரை எடுத்து 'உப்பு' என்பதை அழித்தேன். பேனாவில் 'கப்பல் கூடுதலாக இறக்கியது' என்று எழுதினேன்.

பெருமாள் நான் அழிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். படிக்கத் தெரியாது, ஆனால் அழிப்பது எதுவென்று தெரியாமலா போகும்?

"எஸ்டேட்டுல கொழுந்து நிறுக்கையில கணக்கப்புள்ள கொறைச்சு எழுதுவாரு. நீங்க கூட்டி எழுதுறீங்க. ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டு நாடாவைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் மெயின்லேண்டிலிருந்து வந்த தந்தியில் பாராட்டு. பற்றாக்குறைக் காலத்திலும் கூடுதல் இருப்பு. சாப் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். கூடிய நான்கு அங்குலத்துக்குக் காரணம் என்ன என்று ஒரு ஆத்மாகூடக் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மாயாபந்தர் படகு டீசல் எடுத்தது. தொட்டியிலிருந்து எடுக்கும் குழாய் அடியோரத்தில்தான் இருக்கிறது, அதனால் கீழே நின்றது முதலில் வெளியே வந்தது. படகில் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்கள், பாதிப் பேர் குடியேற்றக்காரர்கள், கைக்குழந்தைகளோடு பெண்கள், அரிசி மூட்டைகள். தீவைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போன பிறகு எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று. பகல் முழுக்கப் படகு அலையில் புரண்டுகொண்டே பாறைப் பக்கமாக நகர்ந்திருக்கிறது. நங்கூரம் ஒரு இடத்தில் பிடித்ததால் பிழைத்தார்கள். இன்னொரு படகு போய் இழுத்து வந்தது. யாரும் சாகவில்லை. சாகவில்லை என்பதைச் சொல்லித்தான் எல்லோரும் அதை ஒரு சின்ன விஷயம் ஆக்கப் பார்த்தார்கள்.

படகின் எஞ்சின் டிரைவர் ஒரு மலையாளி. நேராக டிப்போவுக்கு வந்தார், உடம்பெல்லாம் கரி. எஞ்சின் வடிகட்டியிலிருந்து எடுத்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வந்திருந்தார். என் பதிவேட்டின் மேலேயே வைத்தார். மேலே இரண்டு விரற்கடை டீசல், கீழே பாட்டில் முழுக்கத் தெளிந்த தண்ணீர்.

"யே க்யா ஹை, பாபு?" என்றார். இது என்ன? அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். காரண் பாபு வாயைத் திறக்கவில்லை.

விசாரணை என்று இரண்டு பேர் வந்தார்கள், ஒரு மணி நேரம் இருந்தார்கள், தேநீர் குடித்தார்கள். தொட்டியைத் திறந்து வடித்தார்கள். தண்ணீர் இருப்பதைக் கண்டுபிடிப்பது யார் வேலை? அளப்பவர் வேலை. அவர் தெரிவித்ததாகப் பதிவேட்டில் எழுத்து இருக்கிறதா? இல்லை. முடிந்தது. சாப் என்னைக் கூப்பிட்டுப் படிவத்தைத் தள்ளினார். காரணம் என்ற இடத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: அளவெடுப்பவரின் கவனக்குறைவு. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெயர். அதுவும் முத்து முத்தாகத்தான் விழுந்தது.

தினக்கூலிக்கு நோட்டீஸ் ஏது? நாளைக்கு வராதே என்றார்கள். பெருமாள் நாடாவைத் துடைத்து, எண்ணெய் தடவி, சுருட்டி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டது அவர் மனைவி ராக்காயி. இரண்டு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிப்போ வாசலுக்கு வந்து நின்றார். காவல்காரர் விரட்டியும் போகவில்லை. நான் வெளியே போனேன். வேலை திரும்ப வேண்டும் என்று அழப்போகிறார் என்று நினைத்து நாலு ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போனேன்.

"அவரு ஒங்ககிட்ட சொன்னாரா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். "எங்க லைன் வீடுகள்ல எல்லாரும் கேக்குறாங்க, ஒம் புருசன் எம்பது பேர கொல்லப் பாத்தானாமேன்னு. அந்தப் படகுல வந்த பொம்பள ஒருத்தி எங்க வீட்டு வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்திட்டுப் போறா. அவரு சொன்னேங்கிறாரு. நீங்க எழுதுறவங்க. சொன்னாரா, இல்லீங்களா?"

"சொன்னாரும்மா" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். எழுதிக் கொடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. தன் புருஷன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். எனக்கு அந்த வாசலிலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அன்றைக்கு மாலைக்குள் எழுதினேன். சாப் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். என் பெயரிலேயே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். குழாயைக் கடைசிச் சொட்டுவரை தள்ளச் சொன்ன உத்தரவு, வராத பசை, பெருமாளின் நாக்கு, பென்சிலில் எழுதிய உப்பு, அழித்த ரப்பர், வடிக்க வேண்டாம் என்று நான் சொன்ன யோசனை, எல்லாம் அதில் இருந்தது. மூன்று பக்கம். அந்தப் புயல் விளக்கத்துக்குப் பிறகு நான் எழுதிய ஒரே உண்மையான விளக்கம் அதுதான். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விளக்கம் ஒதுக்கப்பட்ட இடத்துக்கு மிகுதியாக உள்ளது, ஒரு வரியில் திருப்பி அனுப்பவும்.

அந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். எண்பது உயிர் கடலில் கிடந்தது, அதற்கு ஒரு வரி! பிறகு நிதானித்தேன். இவர்களுக்கு ஒரு வரிதான் புரியும் என்றால் அந்த ஒரு வரியையே சரியாக எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்: கடல்நீர், அளப்பவர் சொன்னார், குமாஸ்தாவாகிய நான் அழித்தேன்.

அதற்கும் கேள்வி வரவில்லை. இரண்டு மாதம் கழித்து இரண்டு உத்தரவுகள் வந்தன. சாப்புக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல், அவர் ஆசைப்பட்ட ஊருக்கே, ஒரு படி மேலே. பெருமாளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இன்னொன்று. எனக்கு ஒன்றுமே வரவில்லை. எச்சரிக்கைகூட இல்லை.

பெருமாள் அப்போது ஃபீனிக்ஸ் பேயில் பீப்பாய் ஏற்றிக்கொண்டிருந்தார். மாயாபந்தருக்குப் போகும் டீசல் பீப்பாய்கள்தான். நான் உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். சந்தோஷமாக வாங்கிக்கொள்வார், என் மனச்சுமை இறங்கும், இதுதான் என் கணக்கு. அவர் பீப்பாயை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். தாளை வாங்கவில்லை.

"என்னா காரணம் போட்டிருக்குங்க?"

நான் படித்தேன். கருணை அடிப்படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்.

"கருண எதுக்குங்க? நான் தப்புப் பண்ணலியே." குரலை உயர்த்தவே இல்லை. "இதோட வந்தா நான் தப்புப் பண்ணி மன்னிச்ச மாதிரில்ல ஆவும்? காரணத்த மாத்தி எழுதிட்டு வாங்க. அதுக்கப்பறம் வாறேன்."

"பெருமாள், வேலை திரும்ப வந்திருக்கு. அதைப் பாருங்க."

"பீப்பா ஏத்துறதும் வேலதாங்க."

வீட்டில் மூன்று பிள்ளைகள். பீப்பாய் ஏற்றினால் கூலி கிடைப்பது கப்பல் வரும் நாளைக்கு மட்டும்தான். கருணை என்ற ஒரு வார்த்தையைத் தாண்டி வர அந்த மனிதர் மறுத்துவிட்டார். வேலைக்கும் சம்பளத்துக்கும் இடையில் அப்படி ஒரு வார்த்தை இருப்பதே எனக்கு அதுவரை கண்ணில் பட்டதில்லை. நான் எத்தனை ஆயிரம் காரணம் எழுதியிருப்பேன்! அதில் ஒன்றாவது யாருடைய நெற்றியில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

புதிதாக வந்த அதிகாரி என்னைப் பைத்தியம் என்று நினைத்தார். "வேலை கொடுத்தாச்சு. அதுல என்ன வார்த்தை இருந்தா அவனுக்கென்ன? படிக்கவா போறான்?" என்றார். நான் வாராவாரம் எழுதினேன். தந்தி அடித்தேன். ஒரே கோரிக்கை, காரணத்தை மாற்று. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதானே? தொல்லை பொறுக்காமல்தான் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன், நியாயம் தெரிந்து கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. மழைக்காலம் முடியும்போது வந்தது. தொட்டியில் நீர் இருப்பதை அளப்பவர் பெருமாள் அன்றே தெரிவித்தார். அவர் மீது தவறில்லை.

மறுபடி துறைக்குப் போனேன். அதே இடம், அதே பீப்பாய்கள், அதே மாயாபந்தர் படகு கட்டி நின்றது. கூட ஏழெட்டுப் பேர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்: தெலுங்குக்காரர்கள், வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள். நான் படித்தேன். பெருமாள் கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னொருக்கா படிங்க."

படித்தேன்.

"இப்ப இந்தியில சொல்லுங்க, சத்தமா. இவங்களுக்கும் தெரியணும். இவங்கதான் நான் எம்பது பேர கொல்லப் பாத்தேன்னு பேசுனவங்க."

எனக்கு இந்தி சந்தைக்குப் போதுமான அளவுதான் வரும். படித்துக் காட்ட அது போதவில்லை. தாளை மடித்துவிட்டு எனக்குத் தெரிந்த சந்தை இந்தியிலேயே சொன்னேன். "பெருமாள் நே உஸீ தின் போலா தா, பானி ஹை. பாபு நே மிட்டா தியா." பெருமாள் அன்றைக்கே தண்ணீர் என்று சொன்னார். பாபு அதை அழித்துவிட்டான். உத்தரவில் பாபு இல்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

வேலை நின்றது. எல்லோரும் பெருமாளைப் பார்த்தார்கள். ஒருவர் அவர் தோளைத் தட்டினார். படகின் மேல்தட்டிலிருந்து அந்த எஞ்சின் டிரைவரும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பெருமாள் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "நாளைக் காலையில வந்துர்றேங்க. இந்த லோடு முடிச்சுக் குடுத்துட்டு வாறேன்" என்று மறுபடி பீப்பாயில் கை வைத்தார்.

அப்போது வயதான ராஞ்சிக்காரர் ஒருவர் என்னிடம் திரும்பினார். நான்தான் அந்த பாபு என்று அவருக்குத் தெரியாது. நியாயம் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் கேட்டார்.

"தோ பாபு கோ நிகாலா?"

அப்படியானால் அந்த பாபுவை வேலையை விட்டு அனுப்பினார்களா?

"நஹீ" என்றேன்.

"க்யோம்?"

ஏன் என்று கேட்டார். காரணம் கேட்டார். பெருமாள் தலை நிமிராமல் பீப்பாயை உருட்டிக்கொண்டு பலகைமேல் ஏறினார். நான் வெறும் கையோடு நின்றேன். அதன்பிறகு இருபத்தைந்து வருடம் அதே மேசையில் உட்கார்ந்து முழுப் பென்ஷனோடு வெளியே வந்தேன். அந்த ராஞ்சிக்காரர் கேட்டதற்கு இன்றுவரை என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை.